பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

கவிதைக்கென்று கூடிய வட்டத்தின் பத்தாண்டு மலரில் ஓர் எண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட எண் கவிஞர்களுக்கு அந்நியமானதன்று. அது ஏட்டில் இலக்கமாக எழுதப்படாமல், சொல்லாக நாவில் குடியிருந்த எண். நம் வில்லியனூருக்கும் வாகூருக்கும் கூப்பிடு தொலைவிலுள்ள புதுச்சேரி நகரில்தான் அது ஐரோப்பியர் காதில் முதன்முதல் விழுந்து, பின்னர்ப் பாரிசிலும் எடின்பரோவிலும் பெரும் வழக்கொன்றுக்குப் பொருளாயிற்று. 16,00,984 என்பது அந்த எண்.

வரலாற்றை வெள்ளிக்கோளிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் கியோம் லெ ழாந்தி. 1761-இல் அவர் வந்து சேருமுன்பே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பலின் தளத்தில் நின்றபடி கடப்பைக் கண்டார். ஆடும் கப்பலில் அளவெடுக்க இயலாது. அடுத்த கடப்பு 1769-இல். கீழைக் கடல்களிலேயே சுற்றித் திரிந்து, 1768 மார்ச்சில் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்தார். 1769 சூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. இந்தத் துயரக் கதையை உலகம் பலமுறை சொல்லிவிட்டது. காத்திருந்த மாதங்களில் அம்மனிதர் என்ன செய்தார் என்பதைத்தான் அவ்வளவாகச் சொல்லவில்லை. அவர் தமிழ்க் கணிதரிடம் மாணாக்கராய் அமர்ந்தார்.

எழுதுகோலும் தாளும் இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துவிடும் வேகம் அவரை மலைக்க வைத்தது. 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ் முறைப்படி கணித்தபோது 41 விநாடி குறைந்தது; ஐரோப்பாவில் அன்று தலைசிறந்ததாக மதிக்கப்பட்ட தோபியாசு மாயரின் அட்டவணைப்படி 68 விநாடி மிகுந்தது. அந்த அட்டவணைக்காக மாயரின் மனைவிக்கு ஆங்கில அரசு 3,000 பவுன் பரிசு அளித்த ஆண்டும் 1765-தான். சோழிக்காரருக்கு யாரும் பரிசளிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நம்மவர் மேயரை வென்றார் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. ஒரு கிரகணத்தை வைத்து வெற்றி தோல்வி பேசுவது கணிதத்துக்கு அடுக்காது. அடுத்துச் சொல்லப்போகும் கிரகணத்தில் பிழை விநாடிக் கணக்கில் நிற்கவில்லை.

லெ ழாந்திக்கு அரை நூற்றாண்டுக்குப்பின் அதே முறையைத் தேடி வந்தவர் ஜான் வாரன். அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தில் 1769-இல் பிறந்து, ஆங்கிலப் படையில் பணியாற்றி, 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை வகித்தவர். 1825-இல் சென்னையில் அச்சான அவருடைய 'கால சங்கலித' என்னும் பெருநூல் தென்னாட்டுக் காலக்கணிதம் முழுவதையும் அள்ளி வைத்திருக்கிறது. 1830-இல் அவர் உயிர் நீத்ததும் புதுச்சேரியில்தான். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை வாரன் அந்நூலில் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் சிதைந்திருக்கும் அப்பெயர் நம் வாய்க்குச் சாமிநாத சேஷையா என்றே வருகிறது.

1825 மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைச் சேஷையா சோழிகளால் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டன. கணக்கின் முதற்படி, கலியுகம் தொடங்கியதிலிருந்து அன்றுவரை கழிந்த நாள்களின் தொகையை எடுத்து, அதிலிருந்து 'வேதத்தை'க் கழிப்பது. மிச்சத்தை 'ரசகெரிக'த்தால் வகுப்பது. அதன் மிச்சத்தைக் 'கலாநில'த்தால் வகுப்பது. அதன் மிச்சத்தைத் 'தேவர'த்தால் வகுப்பது. வேதம் என்றால் 16,00,984. ரசகெரிகம் 12,372. கலாநிலம் 3,031. தேவரம் 248.

இவை பொருளற்ற குறிச்சொற்கள் என்று மேலோட்டமாகப் படிப்போருக்குத் தோன்றும். இசையறிந்த அன்பர்கள் உடனே கண்டுகொள்வார்கள். மேளகர்த்தா இராகங்களுக்கு எண் காணும் அதே கடபயாதி முறைதான். தீரசங்கராபரணம் 29-ஆம் மேளம் என்பது 'தீர' என்ற இரண்டெழுத்துகளால் விளங்குகிறது அல்லவா? வடமொழி நெடுங்கணக்கில் க முதலாக ஒன்பதும், ட முதலாக ஒன்பதும், ப முதலாக ஐந்தும், ய முதலாக எட்டும் எண்பெறும். ஞவும் நவும் சுழி. சொல்லின் முதலெழுத்து ஒன்றாம் இடம், அடுத்தது பத்தாம் இடம் என வலமிருந்து இடமாக எண் ஏறும். உயிரின் நெடில் குறில் வேறுபாடும் ஈற்று மெய்யும் கணக்கில் சேரா. தேவரம்: தே 8, வ 4, ர 2, ஆக 248. கலாநிலம்: க 1, லா 3, நி 0, ல 3, ஆக 3,031. ரசகெரிக: ர 2, ச 7, கெ 3, ரி 2, க 1, ஆக 12,372. (இங்கே தகரமும் ககரமும் வடமொழி வர்க்கத்தின் மூன்றாம் ஒலிகள், சகரம் ஸகரம்.) நெடில் கணக்கில் வாராமையால் 'தேவாரம்' என்று சொன்னாலும் எண் 248-தான். நம் ஊர்க் கணிதர் ஒருவர் சோழியை நகர்த்தியபடி தேவாரம், தேவாரம் என்று முணுமுணுத்திருந்தால் கேட்டவர் பதிகம் பாடுகிறார் என்றே எண்ணியிருப்பார்.

வேதம் மட்டும் இவ்வாறு முழுவதும் பிரியவில்லை. வே 4, த 8 என்றால் 84 மட்டுமே கிடைக்கிறது. ஆனால் 16,00,984 என்பதன் கடைசி இரண்டு இலக்கங்கள் 84 அல்லவா? ஏழு இலக்கங்களுக்கு ஏழெழுத்துத் தொடர் ஒன்று இருந்து, நாளடைவில் அதன் தலைச்சொல் மட்டும் எண்ணின் பெயராக நின்றுவிட்டது என்பது என் கருத்து. முதற்குறிப்பால் பாட்டைச் சுட்டும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன?

இனி எண்களுக்குள் நுழைவோம். நிலவு பூமிக்கு மிகத் தொலைவாய் நிற்கும் இடத்தை உச்சம் என்பர். உச்சத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைய அதற்கு இன்றைய அளவீட்டின்படி 27.55455 நாள் ஆகிறது. உச்சத்தில் மெதுவாகவும் எதிர்ப்புறத்தில் விரைவாகவும் அது நடக்கிறது. ஆகவே உச்சம் தொட்டு நாள்தோறும் நிலவு நிற்கும் பாகையை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அந்த நடை திரும்பத் திரும்ப வரும். இடையூறு என்னவெனில் சுற்று முழுநாளில் முடிவதில்லை. 27 நாள் போதாது; 28 நாள் மிகுதி. இரண்டையும் கூட்டி, இரண்டு சுற்றுக்கு 55 நாள் என்றால் பிழை குறைகிறது, இன்னும் சற்றுப் பற்றாக்குறை. நான்கு 55-உம் ஒரு 28-உம் சேர்ந்தால் 248. அது ஒன்பது சுற்று. முன்னதன் குறையைப் பின்னதன் மிகை ஏறத்தாழ ஈடுசெய்துவிடுவதால் பிழை 13 நிமிடத்தில் நிற்கிறது. இதனால்தான் வாக்கியங்கள் 248. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நாளின் பாகையைச் சொல்லால் தருகிறது: முதல்நாளுக்கு 12 பாகை 3 கலை, இரண்டாம் நாளுக்கு 24 பாகை 9 கலை என்று சென்று, 248-ஆம் வாக்கியம் முழுச்சுற்றுகள் போக 27 பாகை 44 கலையில் முடிகிறது.

பிறகு பன்னிரண்டு 248-உம் ஒரு 55-உம் கூடினால் 3,031. அது 110 சுற்று. இங்கே பிழை முக்கால் நிமிடத்துக்கும் குறைவு! எட்டாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் முக்கால் நிமிடம். இதன் பிறகு நான்கு 3,031-உம் ஒரு 248-உம் கூட்டி 12,372 ஆக்கினார்கள். அது 449 சுற்று. கடைசியில் சேர்த்த 248 தன் பிழையைக் கொண்டுவந்து விடுவதால் 12,372 இன்றைய அளவுப்படி 10 நிமிடம் பிழைக்கிறது. அதாவது பெரிய எண் சிறிய எண்ணைவிட நுட்பத்தில் தாழ்ந்தது. இருந்தும் ஏன் கொண்டார்கள்? தலைக்குள் கணக்குப் போடுபவனுக்கு அறுபதுக்கு மேற்பட்ட ஈவைவிடப் பதினாறு என்ற ஈவு இலேசு என்பதே காரணமாகத் தோன்றுகிறது. யாப்பில் ஓசைக்காகச் சிறிது விட்டுக்கொடுத்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும்.

அப்படியாயின் 16,00,984 எதற்கு? கலியுகத் தொடக்கமாகிய கி.மு. 3102 பிப்ரவரி 18-இலிருந்தே நேராக வகுத்துக்கொண்டு போகலாமே? போக முடியாது. ஆரியபடர் வழியினர் கருத்தில் கலித் தொடக்கத்தில் கோள்கள் யாவும் மேட முதலில் இருந்தன; நிலவின் உச்சமோ மூன்று இராசி தள்ளி நின்றது. வாக்கியங்கள் உச்சத்திலிருந்து எண்ணப்படுபவை. ஆகவே நிலவு உச்சத்தை ஒட்டி நிற்கையில் கதிர் எழுந்த ஒரு விடியலைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் பிடித்த விடியல் கலி பிறந்து 16,00,984 நாள் கழிந்த விடியல். ஐரோப்பிய நாள்காட்டியின் பழைய கணக்கில் அது 1282 மே 22. அன்று நிலவின் இடம் ஏழு இராசி இரண்டு பாகை என்று மரபு குறித்துக்கொண்டது. இதே எண்ணை அடித்தளமாகக் கொண்ட வாக்கியகரணம் என்னும் நூல் அந்த ஆண்டை அடுத்துத் தமிழ்நாட்டில் தோன்றியது. ஆசிரியர் பெயர் இல்லை. குப்பண்ண சாஸ்திரியாரும் கே.வி.சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னைக் குப்புசுவாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது.

எண்ணைப் பகுத்துப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு. 8, 7, 11, 23, 113 ஆகிய ஐந்தையும் பெருக்கினால் 16,00,984. இதில் 7 இருப்பதைக் கவனிக்க வேண்டும். மிச்சமின்றி ஏழால் வகுபடுகிற நாள்தொகை முழு வாரங்களால் ஆனது. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பது மரபு. எனவே 1282 மே 22-உம் வெள்ளிக்கிழமையாக இருக்கவேண்டும்; இருக்கிறது. இது தற்செயலா, திட்டமா? உச்சத்து விடியல்கள் பல கிடைக்கும்போது அவற்றுள் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தால் கணிதனுக்கு ஓர் ஆதாயம் உண்டு: வேதத்தைக் கழித்தபின் நிற்கும் தொகையை ஏழால் வகுத்தாலும் கிழமை சரியாக வரும், கணக்கு நடுவிலேயே சோதனை கிடைத்துவிடும். 3,031-உம் 433 முழு வாரங்களே. ஆயினும் ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு எப்போதும் தற்செயலுக்கு உண்டு என்பதால் திட்டம் என்று அறுதியிட மாட்டேன்.

சேஷையாவின் கிரகணத்துக்கு இந்த முறையைப் பொருத்திப் பார்ப்போம். 1825 மே 31 காலையில் கலிநாள் 17,99,312. வேதம் கழித்தால் 1,98,328. ஏழால் வகுக்க மிச்சம் 4, வெள்ளியிலிருந்து நான்கு தள்ளினால் செவ்வாய், அன்று செவ்வாய்க்கிழமைதான். இனி 12,372 பதினாறு முறை போக மிச்சம் 376. அதில் 3,031 இல்லை. 248 ஒருமுறை போக மிச்சம் 128. ஆக 128-ஆம் வாக்கியம். ஏழு இராசி இரண்டு பாகையோடு பதினாறு ரசகெரிகத்துக்கும் ஒரு தேவரத்துக்கும் உரிய பாகைகளையும் அந்த வாக்கியத்தின் பாகையையும் கூட்டினால் நிலவு விருச்சிகத்தில் ஏறத்தாழ ஐந்து பாகையில் வந்து நிற்கிறது. கதிரவன் அன்று இடபத்தில் ஏறத்தாழ பதினெட்டு. நேரெதிரே வர நிலவு இன்னும் பதின்மூன்று பாகை நடக்கவேண்டும். கதிரவனின் நகர்வு போக அது ஒரு நாள் நடை. ஆக மறுநாள் விடியலை ஒட்டி வைகாசிப் பௌர்ணமி. 543 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு விடியலைப் பிடித்துக்கொண்டு, மூன்று வகுத்தலில், நிலவை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது இந்தக் கணக்கு. கிரகணத்துக்கு வேண்டிய இராகு முதலிய பிற கணக்குகளை இங்கே விரித்து வட்டத்து நண்பர்களைச் சோதிக்க விரும்பவில்லை.

லெ ழாந்தி கொண்டுபோன எண்கள் அங்கே என்ன ஆயின? பாரிசு வானியலார் பெயி, 1787-இல் வெளியிட்ட நூலில், திருவாரூர் அட்டவணை முதலியவற்றைக் காட்டிக் கி.மு. 3102-இல் இந்தியர் வானை உண்மையாகவே நோக்கிப் பதிந்து வைத்தனர் என்றார். எடின்பரோவில் பிளேபேர் 1790-இல் அதற்கு அரண் செய்தார். இலாப்பிலாசு ஒப்பவில்லை, பிற்காலத்தார் தம் காலத்திலிருந்து பின்னோக்கிக் கணித்துப் பெற்ற தொடக்கமே அது என்றார். இலாப்பிலாசு கூறியதே சரி. நமக்கு அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஐயாயிரமாண்டுப் பழமை என்னும் ஆடையைக் களைந்தால்தான் 1282 என்ற உண்மையான ஆண்டு கண்ணில் படுகிறது. அது கற்பனையான நாளன்று. தமிழ்நாட்டின் கணிதர் வேண்டித் தேர்ந்த நாள். பெயியும் பிளேபேரும் 3102-ஐ வியந்து கொண்டாடியதில், கழிக்கப்பட்ட எண்ணுக்குள் இருந்த ஆளை மறந்தார்கள்.

248 முழுக்க நம்முடையதும் அன்று. பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் 248 உண்டு. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஏடு ஒன்றில் 248-உம் 3,031-உம் சேர்ந்தே உள்ளன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்ச சித்தாந்திகையில் வாசிட்ட சித்தாந்தமும் இவ்விரண்டையும் ஆள்கிறது. 1952-இல் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒட்டோ நாய்கபௌவர் எழுதிய கட்டுரையின் சிறப்பு இங்கேதான். யூப்ரடீசு கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய முறை புதுச்சேரித் தரையில் சோழி வடிவில் உயிரோடிருந்தது என்று அவர் காட்டினார். அவருக்கு 52 நிமிடப் பிழை பெரிதாகப் படவில்லை. அறாத தொடர்ச்சியே பெரிதாகப் பட்டது. எனக்கும் அவ்வாறே.

ஆனால் வாரன் ஒன்று சொன்னார். அதைத் தாண்டிப் போக முடியாது. சேஷையாவுக்கு வானியல் கொள்கை ஒன்றும் விளங்கவில்லை, அபாரமான நினைவாற்றல் மட்டுமே உண்டு என்பது அவர் முடிவு. வாரன் நேர்மையானவர், கண்டதைத்தான் எழுதினார். கொள்கை ஓரிடத்திலும் செய்கை வேறிடத்திலுமாகப் பிரிந்து போனமையின் சான்று அது. வாகூர்ச் செப்பேடுகளை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க இயலவில்லை. பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாதானத்துக்கு அளிக்கப்பட்டன. அங்கே பயிலப்பட்ட கல்வி பதினான்கு கூறாகப் பேசப்படுகிறது. மரபு வகுத்த பதினான்கு வித்தைகளுள் சோதிடமும் ஒன்று. மூன்று ஊர் விளைச்சல் ஒரு கல்லூரியைத் தாங்கிய காலத்தில் ஏன் என்று கேட்க மாணாக்கனுக்கும் நேரம் இருந்தது, சொல்ல ஆசானுக்கும் சோறு இருந்தது. சேஷையாவின் காலத்தில் ஊர்விளைச்சல் எதுவும் அவருக்கு எழுதி வைக்கப்படவில்லை. பஞ்சாங்கம் கணித்து விற்றுப் பிழைத்த ஒருவர், தேய்ந்து தேய்ந்து எஞ்சியவற்றுள் வாய்பாட்டையாவது ஒரு எழுத்தும் சிதறாமல் வாரன் கையில் கொடுத்தார். விளங்காமல் காப்பதும் காவல்தான். தொகையறியாமலே பாட்டை ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதிய கைகளுக்கு நம் இலக்கியம் பட்ட கடனை இந்த வட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

நினைவுப் பொருளாக மட்டும் இந்தக் கணக்கு நின்றுவிடவில்லை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேருக்கு ஆட்சித் தலைவர் வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆளுநர் காலத்திலிருந்து தொடர்கிறது. தேர் எந்நாளில் புறப்படும் என்பதை முடிவு செய்பவரோ பஞ்சாங்கக்காரர். திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரையில் கூடும் மாசிமகத்துக்கு நாள் குறிப்பவரும் அவரே. வாக்கியமா திருக்கணிதமா என்ற பூசல் ஆண்டுதோறும் எழுகிறது. நம் ஒன்றிய ஆட்சிப்பரப்பைச் சேர்ந்த திருநள்ளாறே அதற்குச் சான்று. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று நாடெங்கும் பேசப்பட்டபோது, தாங்கள் வழிவழியாகப் பின்பற்றுவது வாக்கிய முறை, அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் என்று கோயில் நிருவாகம் அறிவித்தது. நிலவின் கணக்கில் ஐம்பத்திரண்டு நிமிடமாக இருந்த விலகல், சனியின் மெல்லிய நடையில் ஏறத்தாழ ஓராண்டாகிவிட்டது. வானத்தில் சனி எங்கே நிற்கிறது என்று கேட்பாருக்குத் திருக்கணிதமே விடை. திருநள்ளாற்றில் கூடும் கூட்டம் அந்தக் கேள்விக்காகக் கூடுவதில்லை. தாத்தனும் பூட்டனும் எந்தக் கணக்கில் நீராடினார்களோ அந்தக் கணக்கில் நீராடவே வருகிறது.